நீவெஸ் தொமாத்தின் சொந்த மெஷின்

நீவெஸ் தொமாத் எனக்கு ஏழாயிரத்து நானூறு டாலர் கடன்பட்டிருந்தாள். ஒரு லேப்டாப்புக்காக வாங்கிய கடன். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் என் கராஜுக்கு வருவாள். இருபது டாலர் தாள்கள் பத்தை மேசையில் வைப்பாள். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவாள். "வேண்டாம், வெச்சுக்கோ" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பிச்சை போடணும்னா சர்ச் வாசல்ல போடுங்க கும்பாரே. நான் மெஷின் வாங்கியிருக்கேன், மெஷினுக்குக் காசு குடுக்கறேன்" என்றாள்.

கும்பாரே என்பது ஞானஸ்நானத்தில் தன் பிள்ளையைக் கையில் ஏந்தியவனைப் பெற்றவள் கூப்பிடும் முறை. அவள் மகள் மிரெல்லாவுக்கு நான் ஞானத்தகப்பன். அதற்கும் முன்னால் நான் நீவெஸுக்கு முதலாளி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அவள் யார் என்று விளங்கும். என் பெயர் ப்ரீமோ செஸ்குட்டி. இத்தாலியின் ஃப்ரியூலியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். பதினேழு வயதில் கனடாவின் இந்த வின்சர் ஊரில் வந்து இறங்கினேன், இரும்பு வார்க்கும் ஆலையில் மணல் அள்ளினேன். முப்பத்தொரு வயதில் எனக்கென்று ஒரு மோல்டு பட்டறை இருந்தது. மோல்டு என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி உள்ளே தள்ளி உருவம் எடுக்கிற இரும்பு அச்சு. ஒரு காரின் முன் பம்பருக்கான மோல்டு ஒரு காரைவிடப் பத்து மடங்கு கனம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில் ஓடிய கார்களில் எத்தனைக்குப் பின்விளக்கு என் பட்டறையில் பிறந்தது என்று எனக்கே கணக்கில்லை. நாற்பத்துமூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தவன் நான். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. எஞ்சினியர்கள் என் முன்னால் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சம்பாதித்த பெருமையைப் பேசாமல் பெட்டியில் பூட்டிவைக்க எனக்குத் தெரியாது.

அந்தப் பட்டறைக்கு நீவெஸ் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வரைபடங்களைப் பிரதி எடுக்கும் மெஷினை ஓட்ட வந்தாள். அம்மோனியா நெடியில் கண் எரிய எரிய நாள் முழுக்க நிற்கிற வேலை. ஒரு வரைவாளன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், எனக்கு ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் காலி டிராயிங் போர்டில் எதையோ வரைந்து பழகுவதைப் பார்த்திருந்தேன். "உக்காரு" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஊரில் எல்லாப் பட்டறைக்காரனும் சிரித்தான். "ப்ரீமோ பொம்பளைய போர்டுல உக்கார வெச்சுட்டான், இனிமே மோல்டுக்குப் பூப்போட்ட திரைச்சீலை மாட்டுவான்" என்றான் ஒருவன். அவன் பட்டறை இப்போது கார் கழுவும் இடம்.

அவள் புருஷன் ஒலிந்தோவும் என்னிடம்தான் இருந்தான், பாலிஷ்காரன். மோல்டின் உட்புறத்தைக் கல்லாலும் வைரப் பசையாலும் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்குகிறவன். நாற்பத்தொன்பது வயதில் மேசையருகே நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அடக்கம் முடிந்து அந்த வாரத்திலேயே நீவெஸ் வேலைக்கு வந்துவிட்டாள். அவன் மேசையைக் கடக்காமல் தன் இடத்துக்குப் போக வழி கிடையாது. தினம் கடந்தாள்.

கம்ப்யூட்டர் வந்தபோது நான்தான் இந்தத் தெருவில் முதலில் வாங்கினேன். ஆண்கள் எல்லாம் பின்வாங்கினார்கள். அவள் முன்னே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பதினெட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

என் முழங்கால்கள் இரண்டும் போனபோது பட்டறையை சில்வானோ பஸ்கோலோவுக்கு விற்றேன். கூட்டிப் பெருக்க வந்தவனை நான்தான் தொழில்காரன் ஆக்கினேன். விலையைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தேன். சொன்ன நாளில் சொன்ன காசைக் கொடுத்து முடித்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். பணத்தில் அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவனிடம் குறைந்தது வேறு.

பட்டறை கைக்கு வந்ததும் கல்லூரியில் படித்த இரண்டு பையன்களைக் கொண்டுவந்தான். கண்ணாடி அறை கட்டி அவர்களை உள்ளே வைத்தான். நீவெஸுக்கு அந்தப் பையன்கள் வரைந்ததில் அளவு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சில்வானோ அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான், முதுகுச் சாய்வை விரலால் தட்டுவான்.

"என்ன அம்மணி, இன்னும் முடியலையா? பசங்க ரெண்டு மோல்டு முடிச்சுட்டாங்க."

ஒருநாள் தட்டிய கையைப் பார்த்து, "இதென்ன கதவா?" என்று கேட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நேராக என் கராஜுக்கு வந்தாள். நான் ஒயினுக்காகக் கலிஃபோர்னியா திராட்சையைக் கூடை கூடையாக அரைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சிவப்பு.

"கும்பாரே, எனக்கு ஒரு மெஷின் வேணும். சொந்தமா. இனிமே எவனும் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு 'முடியலையா'ன்னு கேக்கக் கூடாது. நானே வேலை எடுத்து நானே குடுக்கப் போறேன்."

"ஐம்பத்தாறு வயசுல கடை திறக்கறியா?"

"நீங்க முப்பத்தொண்ணுல திறந்தீங்க. எனக்குப் பஸ் லேட்டா வந்துச்சு."

கையைக் கழுவிக்கொண்டு போய் அன்றே பணத்தை எடுத்து வந்தேன். பிப்ரவரியிலிருந்து தவணை கட்டுவதாகச் சொன்னாள்.

மெஷினைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பேர்தான் லேப்டாப். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல். அதோடு மோல்டு வரைகிற மென்பொருளின் உரிமம் தனி. அந்த உரிமத்தை அந்த ஒரு மெஷினோடு கட்டிப்போட்டிருந்தார்கள். "என் முதல் மில்லிங் மெஷினே இவ்வளவு விலை இல்ல" என்றேன்.

"உங்க மில்லிங் மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு எந்தப் பட்டறைக்குப் போவீங்க?" என்றாள்.

சொன்னது சரி. தனியாளாக வரைகிறவள் இன்று ஒரு பட்டறை, நாளை ஒரு பட்டறை என்று போயாக வேண்டும். இரும்பு வெட்டுகிறவன் பக்கத்தில் நின்று, முழு மோல்டையும் திரையில் திறந்து, திருப்பி, மோல்டைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற துளை எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். சாதாரண லேப்டாப்பில் அந்தக் கோப்பைத் திறந்தால் அது அப்படியே உறைந்து நிற்கும். இவளுடையதில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ள பம்பர் மோல்டு பம்பரம் மாதிரிச் சுற்றும். எத்தனையோ மெஷின் பார்த்தவன் நான், எனக்கே வாய் திறந்துவிட்டது.

அவள் அதை வைத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அடியில் காற்றுப் போக நாலு மூலைக்கும் நாலு ஒயின் கார்க்கு, என் பாட்டில்களிலிருந்து எடுத்தது. படுக்கையில் வைக்க மாட்டாள், மேசைத்துணி மேலும் வைக்க மாட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறப்பாள். ஓவியக்காரர்களின் மெல்லிய தூரிகையால் தூசியைத் தள்ளுவாள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, டப்பாவில் விற்கிற உலர்ந்த காற்றைக் கொஞ்சமாக அடிப்பாள். சில்லுகளின் மேல் காய்ந்திருக்கும், சூட்டைக் கடத்துகிற பசையை வழித்துப் புதுப்பசை தடவுவாள். ஒலிந்தோவின் வைரப்பசை ஊசிக்குழல்களைப் போலவே இருக்கும் அந்தக் குழலும். அவள் அதைச் சொன்னதில்லை, நான் பார்த்தேன்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பட்டறைக் கம்ப்ரசர் காற்று இந்த மெஷின் பக்கம் வரவே கூடாது.

மோல்டு பட்டறையில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான சட்டம் என்று தெரியும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஏர் கன்தான். இரும்புச் சீவலை ஊதுவோம், கையை ஊதுவோம், கால்சட்டையை ஊதுவோம், மேசையில் சிந்திய ரொட்டித் துகளை ஊதுவோம். வெளியே போகும்போது ஒருவன் முதுகை ஒருவன் ஊதிவிடுவோம். இரும்புக்கு அது நல்லது. ஆனால் கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். எங்கள் பட்டறைகளில் கிராஃபைட் கட்டியை வேறு வெட்டுகிறோம். அந்தக் கறுப்புத் தூள் புகைபோல எங்கும் படியும், மின்சாரத்தையும் கடத்தும். மோட்டார் கண்ட்ரோல் பெட்டிகள் அதனால் புகைந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பத்து மாதம் நன்றாக ஓடியது. சின்னச் சின்ன வேலைகள். மூடிகள், கைப்பிடிகள், தோட்டத்து நாற்காலி. நீவெஸ் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள், சிவப்பில் ஒரு குளிர்கோட்டு வாங்கினாள். போனை எடுத்தால் "ஹலோ" இல்லை, "தொமாத் டிசைன்" என்பாள். என் போனுக்கும் அதையேதான்.

"நான்தான், ப்ரீமோ."

"தெரியும். யாரா இருந்தாலும் கம்பெனிக்குத்தானே கூப்பிட்டீங்க?"

அப்போது சில்வானோ வந்தான். அவனுடைய கல்லூரிப் பையன்கள் இருவரும் அதிகச் சம்பளத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். கையில் பெரிய வேலை, காரின் நாலு கதவுக்குமான உட்பலகை மோல்டுகள். பன்னிரண்டாயிரம் டாலர் தருவதாகச் சொன்னான். ஒரு நாள் பிந்தினால் ஐந்நூறு பிடிப்பான். அவனுக்கு மேலே இருக்கிறவன் அவனிடம் பிடிப்பான், அதனால். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. மோல்டு முடிந்து, ஓட்டிப் பார்த்து, கார் கம்பெனி தலையாட்டினால்தான் காசு. அது எத்தனை மாதம் ஆனாலும்.

"போகாதே" என்று நான் சொல்லவில்லை. போயிருக்கக் கூடாது என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தப் பன்னிரண்டாயிரத்தில் என் கடனும் அடையும், குளிர்காலமும் ஓடும், அடுத்த வேலை தேடப் பயமும் இருக்காது. அவள் சுதந்திரமாக இருப்பதா, திரும்ப ஒரு நாற்காலியில் போய் உட்காருவதா என்பது அந்த ஒரு வேலையில் இருந்தது.

கடைசி வாரங்களில் அவள் பட்டறையிலேயே உட்கார வேண்டியிருந்தது. ஒருபுறம் இவள் வரைய, மறுபுறம் கிராஃபைட் வெட்டினார்கள். ஒரு மதியம் கார் கம்பெனி ஆட்களோடு பேச மெஷினை மேசையில் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது விசைகளுக்கு இடையே ஒரு ரொட்டித் துகள்கூட இல்லை. கூட்டுகிற பெண் துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கோளாறு ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும். மோல்டை முழுசாகத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றினால் திரை உறையும். பிறகு நீலம். பிறகு தானே அணைந்து தானே எழும். ஒரு தடவை எழுந்தபோது இரண்டு நாள் வேலை கோப்பில் கெட்டுப்போயிருந்தது.

என் சமையலறை மேசையில்தான் பார்த்தோம். நான் விளக்கைப் பிடித்தேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மெஷின் பொய் சொல்கிறதா என்று எனக்குத் தெரியும். முதலில் சார்ஜரைச் சந்தேகப்பட்டாள். அதே திறன் உள்ள இன்னொன்றை இரவல் வாங்கி மாட்டினாள், மாறவில்லை. மெமரி அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றே ஒன்றை மட்டும் மாட்டி ஓட்டினாள். எல்லா அட்டையும் நல்ல அட்டை. கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவரைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனாள், பிறகு புதியதற்கு. சூட்டை அளக்கிற எண்ணைத் திரை ஓரத்தில் வைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். சூடு ஏறவே இல்லை. அடிமூடியைத் திறந்தாள். விசிறி புதுசு மாதிரிப் பளபளவென்று இருந்தது. அந்தச் சுத்தம்தான் ஏமாற்றிவிட்டது.

"தூசி இல்ல, சூடு இல்ல, கரண்ட் ஒழுங்கா வருது. எதைத்தான் சந்தேகப்படறது?" என்றாள்.

லேப்டாப் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"அதுவே அணைஞ்சு அதுவே போட்டுக்குது தம்பி. அந்த வேலையக்கூட எனக்கு மிச்சம் வைக்கல."

"வீட்ல சின்னவங்க யாராச்சும் இருந்தா அவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசறீங்களா?"

"இருக்காரு. எழுபத்தெட்டு வயசு. குடுக்கவா?"

நான் போனைப் பிடுங்கி அவனுக்கு ஃப்ரியூலி மொழியில் இரண்டு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத முடியாது. கடைசியில் அவன் சொன்னது: பெட்டியில் போட்டு அனுப்புங்கள், பார்த்துத் திருப்பி அனுப்ப மூன்று வாரம். வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கிற உத்தரவாதம் அவள் வாங்கியதில்லை, அதற்குத் தனிக் காசு. மூன்று வாரம் என்றால் பன்னிரண்டாயிரத்தில் பெரும்பகுதி தாமதத்திலேயே கரைந்துவிடும்.

சில்வானோவிடம் சொன்னாள். அவன் அங்கேயே ஒரு வழி சொன்னான்.

"பட்டறையில மெஷின் சும்மாத்தானே கிடக்கு? உன் பழைய நாற்காலி அப்படியே இருக்கு அம்மணி. வா, உக்காரு. ஆனா என் மெஷின்ல செஞ்சா அது என் ஆள் செஞ்ச வேலை. மணிக்கூலிதான். பன்னெண்டாயிரம் பேச்சு கிடையாது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். யோசிக்கவில்லை. அந்த நோயாளி மெஷினிலேயே வேலையைத் தொடர்ந்தாள். மோல்டை முழுசாகத் திறக்காமல் துண்டு துண்டாகத் திறந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் சேமித்தாள். அரை நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆனது. சொன்ன தேதி வந்தது, போனது. ஐந்நூறு, ஐந்நூறாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், "மொத்தமாப் பிரிச்சுடப் போறேன்" என்றாள். அடிமூடி மட்டும் இல்லை, விசிறிகள், சூடு கடத்தும் செம்புக் குழாய்கள், கடைசியில் மதர்போர்டே வெளியே வந்தது. திருகாணிகளை எந்த இடத்துத் திருகாணி என்று தெரிகிற மாதிரி ஒரு ரொட்டிப் பலகையில் அடுக்கினாள். போர்டைத் திருப்பி விளக்கடியில் பிடித்தாள்.

விசிறிக்கு அந்தப் பக்கம், வெளியிலிருந்து கண்ணுக்கு எட்டாத இடத்தில், கறுப்புச் சேறு. தூள் இல்லை, சேறு. கிராஃபிக்ஸ் சில்லின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரம் பட்டுக் காய்ந்த தடம், பச்சையாக ஒரு துளி அரிப்பு. நீவெஸ் விரல் நுனியால் தொட்டாள், மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். எனக்கு அந்த நெடி தெரியாதா? ஐம்பது வருஷம் அதில்தான் மூச்சு விட்டேன்.

"கம்ப்ரசர் எண்ணெய்" என்றேன்.

"எவனோ ஊதியிருக்கான் கும்பாரே. வெளிய இருந்த தூசியெல்லாம் உள்ள அடிச்சு ஏத்திட்டான்."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உக்காருங்க. முதல்ல வேலை முடியணும். சண்டை கெட்டுப்போகாது, அப்பறமும் இருக்கும்."

சுத்தமான ஸ்பிரிட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்து, அந்தச் சேற்றை மதியம் முழுக்கக் கழுவினாள். ஒலிந்தோ மோல்டைத் தேய்த்த பொறுமையை நான் பார்த்திருக்கிறேன், இது அதைவிட அதிகம். காயவைத்து, மாட்டி, போட்டாள். எழுந்தது. மோல்டைத் திறந்தாள், திரையில் சுற்றியது. நான் விளக்கைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தேன். சத்தம் அதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

அந்த மெஷின் அதோடு ஒன்பது நாள் ஓடியது. நாலு மோல்டையும் முடித்து அனுப்பினாள். மொத்தம் பன்னிரண்டு நாள் தாமதம். அனுப்பிய மறுவாரம் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது, பிறகு எழவே இல்லை. அரிப்பு உள்ளே வரை போய்விட்டது. பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாள். எண்ணெயும் அழுக்கும் உள்ளே போயிருப்பதால் உத்தரவாதம் செல்லாது, புது போர்டு வேண்டுமானால் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நான் இன்னொண்ணு வாங்கித் தரேன்" என்றேன். எனக்கு அது பெரிய காசு இல்லை, சொல்லிக்கொள்ளவும் வெட்கம் இல்லை.

"ஒரு பொணத்துக்கே இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கேன் கும்பாரே. இன்னொண்ணு வேணாம்" என்றாள்.

அந்தத் தவணையும் நிற்கவில்லை. மெஷின் இல்லை, வேலை இல்லை, மோல்டுக்குக் கார் கம்பெனி தலையாட்டவில்லை. இருந்தும் ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் பத்துத் தாள் வந்தது. சிவப்புக் கோட்டு வரவில்லை. கேட்டேன், விற்றுவிட்டேன் என்றாள். போனை எடுத்தால் மறுபடி வெறும் "ஹலோ".

மார்ச்சில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருந்தபோது சில்வானோ கூப்பிட்டான், காசு வந்துவிட்டதாம். நானும் அவளோடு போனேன். அந்த அலுவலக அறையை நான்தான் கட்டினேன். ஆற்றைப் பார்த்த ஜன்னலை நான்தான் அங்கே வைத்தேன்.

"வாங்க மேஸ்திரி, உங்க நாற்காலிதான், உக்காருங்க" என்றான் சில்வானோ.

நான் உட்காரவில்லை. நீவெஸும் நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள். "அக்டோபர்ல, நான் மீட்டிங்ல இருந்தப்ப, என் மெஷினை ஊதினது யாரு?"

மறுப்பான் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"நான்தான். ஏன்? கிராஃபைட் அப்படியே படிஞ்சு கிடந்துச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. நல்லா ஊதி விட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லல நீ."

"அதுலதான் அது செத்துச்சு."

"அட விடு அம்மணி. ஊதினா செத்துப்போற சாமானை எதுக்கு மோல்டு பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தே? கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கணும்."

நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். "டேய், அடுத்தவன் மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"என்ன மேஸ்திரி, நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? மெஷின்னு எதைப் பாத்தாலும் முதல்ல ஊதுன்னு?"

"நான் இரும்பை ஊதச் சொன்னேன்டா!"

சிரித்தான். அவன் நிஜமாகவே தன்னிடம் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஒரு அறை விட்டுத் தீர்த்திருப்பேன். நல்லது செய்ததாக நினைப்பவனை என்ன செய்வது?

"பன்னெண்டாயிரம். தாமதம் பன்னெண்டு நாள், ஆறாயிரம் போச்சு. மிச்சம் ஆறு. கோச்சுக்காதே, என்கிட்டயும் அவங்க பிடிச்சாங்க" என்று செக் புத்தகத்தை எடுத்தான்.

"செக் வேணாம். நோட்டாக் குடு" என்றாள் நீவெஸ்.

"நோட்டா? கணக்கு?"

"பில் குடுத்திருக்கேன்ல? ரொக்கம்னு எழுதிக்கோ."

பெட்டியைத் திறக்கப் போனவன் நின்று, சாதாரணமாக, அடுத்த வீட்டுக்காரன் வானிலை கேட்பதுபோலக் கேட்டான்: "அப்ப, நாற்காலி? எனக்கு இன்னும் ஆள் கிடைக்கல. நீ வந்தா நல்லது."

நீவெஸ் ஜன்னலைப் பார்த்தாள். ஆற்றில் பனிக்கட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரேன்" என்றாள்.

"நீவெஸ்!" என்றேன்.

"வேற எங்க போறது கும்பாரே? ஐம்பத்தெட்டு வயசு. மெஷின் இல்லாத டிசைனர்." அவள் குரல் உயரவே இல்லை. சில்வானோ பக்கம் திரும்பினாள். "ஆனா கடனோட வந்து உன் நாற்காலியில உக்கார மாட்டேன். இவருக்கு நாலாயிரத்து அறுநூறு பாக்கி. அதை என் கையில குடுக்காதே. இவர் கையில எண்ணு. நான் பாக்கணும்."

"எனக்கு வேணாம்" என்றேன். "இவன் கையால எனக்கு ஒரு சல்லிக் காசு வேணாம்."

"இது அவன் காசு இல்ல, என் காசு. கையை நீட்டுங்க கும்பாரே."

எத்தனையோ பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவன் நான். அவள் முகத்தைப் பார்த்தபோது கையை மடக்கிவைக்க முடியவில்லை. நீட்டினேன்.

சில்வானோ பெட்டியிலிருந்து பழுப்பு நூறுகளை எடுத்தான். புதுத் தாள்கள், பிளாஸ்டிக், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தேய்த்துப் பிரித்து, வாய்விட்டு எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தான். நீவெஸின் உதடுகளும் கூடவே எண்ணின. நாற்பது. நாற்பத்தொன்று. நடுவில் ஒருமுறை அவன் தப்பாக எண்ண, அவள் திருத்தினாள். நாற்பத்தைந்து. நாற்பத்தாறாவது தாளையும் வைத்தான்.